மரை கழன்றது யாருக்கு?

யாராவது கோளாறாகப் பேசினால் ‘அவனுக்கு மரை கழண்டுபோச்சு’ என்கிறோம். திருகில் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளம்தான் மரை. அது கழன்றால் எதுவும் நிற்காது என்பது பட்டறைக்குள் கால் வைக்காதவருக்கும் தெரியும். ஆனால் இன்று நம் கறம்பக்குடிக் கடைவீதியில் விற்கும் சார்ஜ் லைட்டுகளின் பின்மூடியைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். பாதிக்கு மேல் வாங்கும் அன்றைக்கே மரை கழன்றவை. ‘ஏம்ப்பா இப்படி?’ என்று கேட்டால் கேட்டவனைத்தான் மரை கழன்றவன் மாதிரி பார்க்கிறார்கள்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதனால் இதைச் சும்மா விட மனசு வரவில்லை. ‘ஒரு மூடிக்கு இவ்வளவு பேச்சா?’ என்பவர்களுக்குச் சொல்கிறேன்: அது வெறும் மூடி இல்லை. பேட்டரியின் அடிப்பக்கம் ஸ்பிரிங்கைத் தொடுகிறது. ஸ்பிரிங் மூடியைத் தொடுகிறது. மூடியிலிருந்து மரை வழியாகத்தான் கரண்ட் குழாய்க்கு ஏறி, முன்னால் உள்ள விளக்குக்குப் போய்ச் சேருகிறது. பெரும்பாலான டார்ச்சுகளில் இதுதான் அமைப்பு. அதாவது மரைதான் அங்கே கம்பி. மரை ஆடினால் அது லூஸ் கனெக்‌ஷன். லூஸ் கனெக்‌ஷன் என்ன செய்யும் என்று வீட்டு ஃபியூஸ் கேரியர் கருகிப்போனதைப் பார்த்த எவருக்கும் நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரியாக மரை வெட்டுவது கடினமான வித்தையா என்றால், அதுவும் இல்லை. பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள தூரம், சரிவின் கோணம், ஆழம், இவ்வளவுதான் கணக்கு. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841இலேயே 55 டிகிரி என்று ஒரு முறையை வகுத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 டிகிரி என்று இன்னொன்றை வகுத்தார். இன்று உலகம் முழுக்க ஓடும் மெட்ரிக் மரையும் 60 டிகிரிதான். ஒரு பட்டறையில் செய்த போல்ட்டுக்கு இன்னொரு பட்டறையில் செய்த நட் பொருந்த வேண்டும் என்பதற்காக, 180 வருஷத்துக்கு முன்பே தீர்த்து வைத்த விவகாரம் இது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க கோ, நோ-கோ கேஜ் இருக்கிறது. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. சில நொடி வேலை. என்னிடம் படித்த பையன்கள் முதல் வருஷத்திலேயே செய்வார்கள். அந்தச் சில நொடியைத்தான் இந்த லைட்டுக்காரர்கள் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கடைக்காரரைக் கேட்டேன். “இருநூறு ரூபாய்க்கு இவ்ளோதான் சார் வரும்” என்றார். இந்தப் பதிலைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபது ரூபாய் தண்ணீர் பாட்டில் மூடியிலும் மரைதான் இருக்கிறது. லட்சக்கணக்கில் வருகிறது, ஒன்றாவது ஒழுகுகிறதா? டாஸ்மாக் குவார்ட்டர் மூடியைக் கேட்டால் அனுபவஸ்தர்கள் இன்னும் விளக்கமாகச் சொல்வார்கள். அதற்கெல்லாம் பொருந்துகிற மரை, உயிரை நம்பிக் கையில் பிடிக்கிற விளக்குக்கு மட்டும் பொருந்தாதா? இது விலைக் குறைவு இல்லை. வாங்குகிறவன் மேல் உள்ள இளக்காரம்.

உயிர் என்று சும்மா சொல்லவில்லை. ராத்திரி எந்நேரம் கரண்ட் வந்தாலும் போர் மோட்டாரைப் போட தென்னந்தோப்புக்குள் நடக்கிறவர்கள் நம் பக்கத்து ஆட்கள். வரப்பில் கட்டுவிரியன் கிடக்கும், சருகுக்குள் கண்ணாடிவிரியன் கிடக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தார்கள் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். அந்த நடையில் விளக்கு அணைந்து, தட்டினால் எரிந்து, மறுபடி அணைவது என்றால் அதன் அர்த்தம் என்ன? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தென்னையும் கம்பமும் சாய்ந்து நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அப்போது நமக்கு இருந்த வெளிச்சம் கைவிளக்குதான்.

என் பழைய மாணவன் ஒருவன், இப்போது விவசாயம் பார்க்கிறான், போன மாதம் ஒரு லைட்டைக் கொண்டுவந்தான். “சார், மூடி ஆடுது. சிகரெட் அட்டையில இருக்குற சில்வர் பேப்பரை மடிச்சு வெச்சுக் குடுங்க சார், நீங்கதான் முன்னாடி செய்வீங்களே” என்றான். செய்து தரவில்லை. காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன். நம் வயசுக்காரர்கள்தான் இந்த வைத்தியத்தை இன்னும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

மூன்று கட்டை லைட் காலத்தில் சில்வர் பேப்பர் நல்ல வைத்தியம். அந்தக் கட்டை 1.5 வோல்ட், ஷார்ட் ஆனால் சூடாகும், கசியும், அதோடு போகும். இப்போது உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் 18650 என்று பெயர். 3.7 வோல்ட். அதன் உடம்பு முழுக்க நெகட்டிவ். தலையில் உள்ள பாசிட்டிவ் பொட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இருப்பது சின்ன வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். தாள் நழுவித் தலைப்பக்கம் போய் இரண்டையும் தொட்டால் முழு ஷார்ட். அந்த பேட்டரி தீப்பிடிக்கும், வெடிக்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் மின் சிகரெட்டின் கதையைக் கேளுங்கள். அதன் பல மாடல்களில் இதே மாதிரி உலோகக் குழாய், இதே மாதிரி லித்தியம் பேட்டரி, இதே மாதிரி திருகு மூடி. அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அந்த நாட்டில் செய்திகளில் வந்தவை மட்டும் 195 தீ, வெடிப்புச் சம்பவங்கள்; காயம்பட்டவர்கள் 133 பேர். எல்லாமே மூடியால் வந்தவை அல்ல. ஆனால் உள்ளே பேட்டரி கெட்டால் குழாயின் பலவீனமான முனை பிய்த்துக்கொண்டு ராக்கெட் மாதிரி பறக்கும் என்பதை அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது. நம் நாட்டில் 2019இல் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள், முதல் முறை பிடிபட்டால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தடை செய்தது புகைக்காக, சரிதான். ஆனால் அதே குழாயும் அதே பேட்டரியும் விளக்கு என்ற பெயரில் நம் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறதே, அதன் மூடியை யார் பார்ப்பது? பேட்டரிக்கு ஐ.எஸ். 16046 என்ற தரமும் கட்டாயப் பதிவும் இருக்கின்றன. ‘ஆர்’ என்று தொடங்கும் எண் அதன் அடையாளம். அந்த எண் பேட்டரிக்குப் பேசும், மூடிக்குப் பேசாது.

ஆகவே நாம்தான் பார்க்க வேண்டும். கடையிலேயே மூடியைக் கழற்றுங்கள். மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள், மரை ‘டக்’கென்று உட்காரும், பிறகு முறுக்குங்கள். விரலாலேயே மூன்று நான்கு சுற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு சுற்றுக்குள் நின்றாலோ, கோணலாக ஏறினாலோ, ஏறிய பிறகும் ஆடினாலோ கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எரியவிட்டு உலுக்குங்கள், சிமிட்டினால் வேண்டாம். உள்ளே பேட்டரியின் உறை கிழிந்திருந்தால் தொடவே வேண்டாம். வீட்டில் உள்ளதற்கு மரையைக் காய்ந்த துணியால் துடைப்பது வரை வைத்தியம். அதற்கு மேல் தாள், கம்பி, பசை எதுவும் கூடாது.

பில் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வேறு கடை. மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. ‘இருநூறு ரூபாய்க்கு எவன் அலைவான்’ என்று நாம் நினைப்போம் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. பத்துப் பேர் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரரே அந்தச் சரக்கை எடுக்க மாட்டார்.

‘சமாளிச்சுக்கலாம்’ என்ற வார்த்தையை நாம் எத்தனையோ விஷயத்தில் சொல்லியே வாழ்ந்துவிட்டோம். மரையில் மட்டும் அது செல்லாது. பொருந்தும், இல்லையென்றால் பொருந்தாது. பொருந்தாததை இனி காசு கொடுத்து வாங்காதீர்கள்.