கணினி வாங்கப் போகிறோமா?

பொதுத்தேர்வு முடிந்ததும் நம் வீடுகளில் எழும் பேச்சுகளுள் ஒன்று, "பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்க வேண்டும்" என்பது. சீட்டு எடுத்த பணமோ, அப்பாவின் போனஸோ, அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்ததோ, எப்படியோ ஓர் ஐம்பதாயிரம் ரூபாய் திரட்டப்படுகிறது. அந்தப் பணம் எவ்வாறு செலவாகிறது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு சற்றுக் கூர்ந்து கவனித்தோம். பணத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் பாகங்களுக்கே போய்விடுகிறது. கணினியைக் காப்பாற்றும் பாகங்களுக்கு மிச்சம் இருப்பதில்லை. இது தவறு என்பது எங்கள் கருத்து.

எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததை அவள் அனுமதியோடு சொல்கிறோம். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவள் தந்தை மதுரைக்கு வந்து, ஒரு கடையில் கணினியை அசெம்பிள் செய்து வாங்கினார். முன்பக்கம் முழுதும் கண்ணாடி, உள்ளே வானவில்லாய் ஓடும் விளக்குகள், விலையுயர்ந்த பிராசஸர். ஆனால் ராம் ஒரே ஓர் 8 ஜி.பி. துண்டு. எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இலவசமாய் வந்தது. யு.பி.எஸ். "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடப்பட்டது. கோடை மழை பெய்த ஒரு மாலையில், போன மின்சாரம் திரும்பி வந்த நொடியில் 'பட்'டென்று ஓர் ஓசை கேட்டது. எஸ்.எம்.பி.எஸ். தான் போனதோடு நில்லாமல் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று. எரிந்த தடம் இருந்தால் வாரண்டி இல்லை என்று கடையில் விதியைக் காட்டினார்கள். சீட்டுத் தவணையோ இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது.

பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதை மேலூர்ப் பக்கத்துத் தோழியருக்கு விளக்க வேண்டியதில்லை. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே வந்து வைகையோடு சேர்ந்து, கால்வாயில் ஓடிக் கண்மாய்களை நிரப்புகிறது. கண்மாய் ததும்பி நின்றாலும் மடை சிறியதானால் வயலுக்குக் கிடைப்பது மடையின் அளவு நீர்தான். கணினியிலும் அப்படியே. பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 150 எம்.பி. அளவே தரும், சாதாரண எஸ்.எஸ்.டி. 500க்கு மேல் தரும், என்.வி.எம்.இ. வகை ஆயிரக்கணக்கில் தரும். பிராசஸர் எத்துணை விரைவானதாயினும் ஹார்டு டிஸ்க்கின் வாசலில் காத்துத்தான் கிடக்க வேண்டும். ராமும் 16 ஜி.பி. ஒரே துண்டாக வாங்குவதைவிட 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்கி உரிய இரு துளைகளில் பொருத்தினால், தகவல் செல்ல இரண்டு பாதைகள் கிடைக்கின்றன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு இதனால் பெரும் பயன் உண்டு. படம் காட்டும் வேலைக்கும் அது இந்த ராமையே கடன் வாங்குகிறதன்றோ!

நமக்கு வேண்டியதுதான் என்ன? பாடத்தில் வரும் பைத்தான், சி++, மைஎஸ்க்யூஎல். அண்ணனுக்கோ அப்பாவுக்கோ கணக்கு எழுதும் வேலை. எப்போதாவது ஒரு காணொளியை வெட்டி ஒட்டுதல். இவற்றிற்கு 2022இல் வந்த கோர் ஐ3 12100, 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி போன்றவை தாராளமாய்ப் போதும். பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்க மறக்கக்கூடாது. இன்டெல் பிராசஸரில் 'எஃப்' என்று முடிந்தால் அதனுள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். சில நூறு ரூபாய் குறைவென்று அதை வாங்கி வந்தால், தனி கார்டு வாங்கும்வரை திரை இருண்டே இருக்கும். "ஐ7 தருகிறோம், விலை பாதிதான்" என்பது இன்னொரு பேச்சு. எந்தத் தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். 2011இல் வந்த ஐ7ஐவிட மேற்சொன்ன ஐ3 வேகமானது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஓ இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை.

இனி எஸ்.எம்.பி.எஸ். பற்றி. எங்களைக் கேட்டால் பட்டியலின் முதல் வரியில் எழுத வேண்டியது இதைத்தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஒரு கணினி பொதுவாக 150 வாட்டுக்கு மேல் இழுப்பதில்லை. ஆகவே 450 வாட் போதும். ஆனால் அது உண்மையான 450 வாட்டாக இருக்க வேண்டும். கேபினெட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்.களில் சிலவற்றைக் கையில் தூக்கினாலே காலித் தீப்பெட்டி போல் இருக்கும். மேலே ஒட்டிய தாளில் மட்டும் 500 வாட் என்றிருக்கும். 2004இல் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரை உள்ளதா, வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேட்டு வாங்க வேண்டும். ஐம்பதாயிரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் ஒதுக்குங்கள். அதற்கு முன் வீட்டின் மூன்று முனைப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்கிறது என்று சொல்லும் தோழியர் எங்கள் வகுப்பிலேயே மூவர் இருக்கிறார்கள். அது கணினியின் குற்றமன்று. எர்த் இல்லாததன் அறிகுறி.

மதுரை வெயிலைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ! கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், கண்ணாடி முகப்பு கேபினெட் காற்றை உள்ளே விடாது. சூடேறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிகப் பணம் கொடுத்து வாங்கிய வேகம் மே மாதத்தில் இல்லாமற் போகும். முன்புறம் வலை போட்ட எளிய கேபினெட்டே நமக்கு ஏற்றது. அதிலும் புழுதி சேரும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்ட வேண்டும்.

லேப்டாப் வாங்கினால் இந்தத் தொல்லைகள் ஏது என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவளுக்கு அதுவே சரி. மின்சாரம் போனாலும் பாட்டரி தாங்கும். ஆனால் வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் பயன்படுத்துவதென்றால், கெட்ட பாகத்தை மட்டும் மாற்றி ஆறேழு ஆண்டுகள் ஓட்டும் வசதி மேசைக் கணினிக்கே உண்டு.

விலைகளை இங்கே நாங்கள் எழுதாததற்குக் காரணம் உண்டு. 2025இன் கடைசியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால் ராம் விலை சில மாதங்களில் எங்கேயோ ஏறிப் போயிற்று. பட்டியலை எழுதி, வாங்கும் வாரத்தில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்பதே நல்லது. சென்னை ரிச்சி தெருவில் மலிவு என்று சிலர் ரயிலேறுகிறார்கள். பாகம் பழுதானால் மீண்டும் ரயிலேற வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்தப் பட்டியலை எழுத வேண்டியவர் யார்? கணினியைப் பயன்படுத்தப் போகிறவள்தான். நம் தோழி தன் தந்தையோடு மறுபடி கடைக்குப் போனபோது, வேறொரு கடைக்காரர் அவளைப் பார்க்காமலே, "தம்பிக்கா சார்? கேம் விளையாடவா?" என்று கேட்டாராம். அவள் தந்தை ஒன்றும் பேசாமல் ரஃப் நோட்டிலிருந்து கிழித்த தாளை அவர்முன் வைத்தார். அதில் டி.டி.ஆர்.4 போர்டுக்கு டி.டி.ஆர்.5 ராம் சேராது என்பது வரை அவள் கையால் எழுதியிருந்தது. அதன்பின் கடைக்காரர், "பாப்பா, இந்த போர்டு இல்லை, இது போடட்டுமா?" என்று அவளிடமே கேட்டார். அவள் வேண்டாமென்றாள். "பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்" என்ற யோசனையும் வந்தது. பில் இல்லையேல் வாரண்டிக்கு எதைக் காட்டுவது? அதையும் அவள்தான் கேட்டாள்.

இப்போது அவள் வீட்டில் கணினி ஓடுகிறது. விளக்குகள் இல்லை என்பதில் தம்பிக்கு மட்டும் வருத்தம். பிராசஸருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் 3 ஆண்டு வாரண்டி இருப்பதால், பாகங்கள் வந்த அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பில்லோடு பரண்மேல் வைக்கும்படி அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.