கோடியக்கரையில் கூடாரம் அடிக்கலாமா?

இலக்கிய நண்பர்கள் கூடுமிடங்களில் கோடியக்கரைப் பயணம் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அவ்வூரை நம் மனத்தில் முன்பே வரைந்துவிட்டது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்கள் இளையோரையும் அப்பக்கம் திருப்பியிருக்கின்றன. பூங்குழலி படகு செலுத்திய கடலோரத்தில் ஓரிரவு கூடாரமடித்து, தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து கவிதை வாசிக்க வேண்டும் என்பது பலரது ஆசை. ஆசை புரிகிறது, ஆயினும் அது கூடாது என்பதே என் கருத்து.

கோடியக்கரை வெறும் கடற்கரை அன்று. வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதலில் இடம்பெற்றது அதுவே. வறண்ட பசுமைமாறாக் காடு, புல்வெளி, உப்புச் சதுப்பு மூன்றும் அடுத்தடுத்து அமைந்த நிலம். மழைக்காலம் தொடங்கும்போது பூநாரைகளும் உள்ளான்களும் வந்திறங்குகின்றன. தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த திசையையே கடல் என்று கொண்டு நகர்பவை. கரையில் எரியும் ஒரு விளக்கு போதும், அவை திசைமாறி மடிய. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துள் நுழைய அனுமதி வேண்டும் என்கிறது. சரணாலயத்துக்கு ஊறு நேரும்படி தீ மூட்டுவதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாதிருந்தாலும் நம் முடிவு மாறக்கூடாது.

‘தங்காமல் எப்படி அறிவது? அறியாதவன் எப்படிக் காப்பான்?’ என்று நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. ஏரிகள் சூழ்ந்த கூரம் பகுதியிலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவர்கள், நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், பொழுது எற்பாடு என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களுள் பலர் இரவில் கடலோசையைக் கேட்டதில்லை. ஆகவே பேருந்தில் வந்து ஒரு மணி நேரம் பார்த்துத் திரும்பும் பயணத்தை நான் பரிந்துரைக்கவில்லை. தங்கத்தான் வேண்டும். வனத்துறையின் விடுதியில் இடம் கேட்கலாம். கிடைக்காவிடில் அருகிலேயே வேதாரண்யம் இருக்கிறது. 1930இல் இராஜாஜி தலைமையில் உப்பு யாத்திரை வந்து சேர்ந்த ஊர். அங்கே தங்குவதும் ஒரு பாடமே. விடியற்காலையில் வனத்துறையினர் காட்டும் வழியில் நடந்தால் மான்களையும் பறவைகளையும் காணலாம்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். அக்கரையில் கொட்டகை போட்டுத் தங்குபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஐப்பசிக்குப் பிறகு வரும் மீன்பிடிப் பருவத்தில் வேற்றூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து மாதக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் 2018 நவம்பரில் ‘கஜா’ புயலையும் கண்ட கரை அது. புயலில் காட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. பிழைப்புக்காகப் போட்ட கொட்டகைகளுக்கு நடுவே பொழுதுபோக்குக் கூடாரம் எழுப்புவது எனக்கு உவப்பாக இல்லை.

கோடிக்குழகரைப் பாடிய சுந்தரர், இக்கடற்கரையில் துணையின்றி ஏன் இருக்கிறீர் என்று இறைவனையே வினவுகிறார். அந்தத் தனிமை அப்பதிகத்தின் உயிர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அது ஓரளவு அங்கே எஞ்சியிருக்கிறது. நெய்தலைப் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாமே ஒலிபெருக்கியும் விளக்குமாகச் சென்று அதைக் குலைக்கலாமா? கவிதை வாசிப்பை வேதாரண்யத்தில் வைத்துக்கொள்வோம். கோடியக்கரையின் இரவை ஆமைகளுக்கும் மான்களுக்கும் விட்டுவிடுவோம்.