48-க்கும் 51-க்கும் நடுவே

பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் தராசுக்குத் தனி மரியாதை உண்டு. பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் உள்ளே வரும். சேலையாகி வெளியே போகும்போதும் எடை போட்டுத்தான் போகும். போன வாரம் அப்படி ஒரு வீட்டில், பத்தாவது படிக்கும் பெண் ராத்திரி தோசையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் குத்துச்சண்டைப் போட்டி. அவள் பிரிவுக்கு அரை கிலோ கூடுதலாக இருக்கிறாளாம். தண்ணீரும் குடிக்கவில்லை.

“மேல் பிரிவுல ஆடேன், கண்ணு” என்றாள் அம்மா.

“அங்க எல்லாரும் உயரமா இருப்பாங்கம்மா. கையே எட்டாது.”

மேரி கோமின் கஷ்டமும் இதேதான். 45, 46, 48 கிலோ என்று சின்னப் பிரிவுகளிலேயே ஐந்து உலகப் பட்டங்கள் வாங்கியவர் அவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக இடம்பெற்றது. ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள். பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75. அவருடைய 48 அதில் இல்லை. எடையைக் கூட்டிக்கொண்டு 51-ல் இறங்கினார். முதல் சுற்றில் எதிரே நின்றவர் போலந்தின் கரோலினா மிகால்சுக், 54 கிலோவில் உலக சாம்பியனாக இருந்தவர். கீழிருந்து ஏறி வந்தவரும் மேலிருந்து இறங்கி வந்தவரும் ஒரே வளையத்துக்குள்! மேரி 19-14 என்று ஜெயித்தார். அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 11-6 என்று தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார். ஆடம்ஸ் மேரியைவிட உயரம். 51 அவருக்குப் பழகிய எடை. ஒலிம்பிக்கில் 48 இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018-ல் டெல்லியில் ஆறாவது உலகப் பட்டத்தை அதே 48-ல்தானே வாங்கினார்!

இது மேரியோடு முடியவில்லை. அசாமின் லவ்லினா டோக்கியோவில் வெண்கலம் வாங்கியது 69 கிலோவில். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஒன்று 66-க்கு இறங்க வேண்டும், இல்லை 75-க்கு ஏற வேண்டும். அவர் ஏறினார். 2023-ல் 75-ல் உலகப் பட்டமும் வாங்கினார். ஆனால் பாரிஸில் காலிறுதியோடு சரி. நிகத் ஜரீன் 2022-ல் உலக சாம்பியனானது 52-ல். பாரிஸில் இருந்தது 50-ம் 54-ம். அவர் இறங்கினார். 2023 உலகப் போட்டியில் பெண்களுக்குப் பன்னிரண்டு பிரிவுகள் இருந்தன, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆறுதான். மீதி ஆறு பிரிவுக்காரர்கள் உடம்பை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்கள்?

ஏறுவது ஒரு கஷ்டம் என்றால் இறங்குவது வேறு கஷ்டம். 2018-ல் போலந்தில் ஒரு போட்டிக்கு விடியற்காலையில் போய் இறங்கிய மேரி, இரண்டு கிலோ கூடுதலாக இருந்தார். எடை பார்க்க நான்கு மணி நேரம்தான் இருந்தது. ஒரு மணி நேரம் விடாமல் ஸ்கிப்பிங் ஆடிக் குறைத்தார். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அப்படிக் குறைவது கொழுப்பு இல்லை, பெரும்பாலும் தண்ணீர்தான். மல்யுத்தத்தில் 53-லிருந்து 50-க்கு இறங்கிய வினேஷ் போகத், பாரிஸில் இறுதிப் போட்டி நாள் காலையில் 100 கிராமில் தகுதி இழந்ததை இந்த ஊரே டிவியில் பார்த்தது. ராத்திரி முழுக்கப் பயிற்சியாளர்களும் மருத்துவரும் கூட இருந்தும் அப்படி ஆயிற்று. பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கூட யார் இருக்கிறார்கள்? அம்மாவும், மூடி வைத்த தோசையும்தான். வளர்கிற வயதில் அரை கிலோ கூடியிருந்தால் அது வளர்ச்சிதானே, குற்றமா என்ன? பட்டு எடை குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். இவள் உடம்பில் பிடித்தால் யாரிடம் போய்க் கேட்பது?

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். மிகால்சுக் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

“அவங்க மேரியைவிட உயரமா, அத்தை?”

“உயரம்தான்.”

“அப்புறம் எப்படி அடிச்சாங்க?”

கிட்டே போய் அடித்துவிட்டுச் சட்டென்று விலகிவிடுவார் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எழுந்து நின்று காலை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மா நீட்டிய மோரை வாங்கினாள். அரை டம்ளர்தான் குடித்தாள்.