கூடையும் குலமும்

கைத்தொழிலின் பெருமை ஓங்கி ஒலிக்கும் காலம் இது. கயிறு திரிப்பது கலை என்கிறார்கள். கூடை பின்னுவது தவம் என்கிறார்கள். மரநிழலில் அமர்ந்து, நாரை நீவி, முறுக்கி, சின்னஞ்சிறு கூடையொன்றைப் பின்னி முடித்தால் மாநகரத்து மயக்கம் தெளியும், மனம் அமைதி பெறும் என்று மணக்க மணக்க எழுதுகிறார்கள். வாரக் கடைசியில் வண்டியேறி, மலையடிவாரத் தோட்டங்களை நாடி, கட்டணம் கட்டிக் கற்றுச் செல்வோரும் உண்டு.

மறுக்கவில்லை நாம். கலைதான், கவின்மிகு கலைதான்! ஒன்றே ஒன்று கேட்கிறோம். கட்டணம் கட்டிக் கற்றவர் பின்னினால் கலையாகிவிடும் கூடை, கஞ்சிக்கு வழிதேடிப் பின்னுபவர் கையில் மட்டும் குலத்தொழில் ஆகிவிடுவது எப்படி? நார் ஒன்று, முடிச்சு ஒன்று, கூடையும் ஒன்று. பெயர் மட்டும் இரண்டானது எவ்வாறு? பின்னும் விரல்களில் வேற்றுமை இல்லை. பிறந்த தெருவில் இருக்கிறது வேற்றுமை! அதைத்தான் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். கொங்கு நாட்டு வேலியோரங்களில் வளர்ந்து நிற்கும் கற்றாழையின் மடலை அறுத்து, முள்ளைச் சீவி, நீரில் ஊறவைத்து, அடித்து, சதையை வழித்து, வெயிலில் உலர்த்தினால் வெளுத்த நார் கிடைக்கும். சாறு பட்ட இடமெல்லாம் அரிக்கும். அதைப் பொறுத்துக்கொண்ட கைக்கே நார். அந்த நாரை இரு புரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. புரி அவிழ முயலும். அவிழ முயலும் அதே விசையே மற்ற புரியோடு அதை இறுக்கிப் பூட்டும். பசை இல்லை, ஆணி இல்லை. எதிரெதிர் முறுக்குகள் இரண்டும் உராய்வுமே கயிற்றின் வலிமை. இது மந்திரமா? இல்லை. இயற்பியல்!

கூடை பின்னும்போதோ கணக்கே வந்து நிற்கிறது. அடியிலிருந்து கிளம்பும் குத்துநார்கள் ஒற்றைப்படையாக இருக்கவேண்டும். ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே என்று ஒரே பின்னுநாரைச் சுற்றிக்கொண்டு வருகிறோம். குத்துநார்கள் இரட்டைப்படையானால், முதற்சுற்றில் எதன்மேல் சென்றதோ அதன்மேலேயே இரண்டாஞ்சுற்றிலும் விழும்; பின்னல் பூட்டிக்கொள்ளாது. ஒற்றைப்படையானால், முன்பு மேலே சென்ற இடத்தில் இப்போது கீழே செல்லும், பின்னல் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாமல் விரட்டப்பட்டவர்கள், இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தார்கள். அவர்களைத்தான் அறிவிலிகள் என்றது ஊர்!

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? எந்தத் தேவன் அருளியது? 2020ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். பிரான்சு நாட்டில் அப்ரி டு மராஸ் என்னும் பாறை ஒதுக்கிடத்தில், கல்லாயுதம் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்தது சின்னஞ்சிறு கயிற்றுத் துண்டு. நீளம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். வயது 41,000 முதல் 52,000 ஆண்டுகள். திரித்தவர்கள் நியாண்டர்தால் மாந்தர். மரத்தின் உட்பட்டை நாரைப் புரியாக முறுக்கி, மூன்று புரிகளை எதிர்ப்புறமாகச் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். ஆம் தோழர்களே, முப்புரி! வேதம் எழுமுன், வேள்வி எழுமுன், மேலோர் கீழோர் என்ற சொல் எழுமுன், குகை மனிதன் திரித்தான் முப்புரியை. அவன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொடாதே, எட்டி நில் என்று எவரையும் விரட்டியதாகச் சான்றில்லை!

பிற்காலத்தில்தான் அந்த விந்தை நிகழ்ந்தது. மூன்று புரி தோளில் கிடந்தால் பிறவி உயர்வு. மூன்று புரியைத் திரித்து மாட்டுக்குத் தும்பாகக் கட்டினால் பிறவித் தாழ்வு! நூல் உயர்த்துவதுமில்லை, கயிறு தாழ்த்துவதுமில்லை. உயர்த்தியதும் தாழ்த்தியதும் வருணம் வகுத்த ஏற்பாடு.

தொன்றுதொட்டு வந்த முறை, மாற்றலாகாது என்பார்கள். தொன்மையைக் கொஞ்சம் துருவுவோம். யூதேயப் பாலைவனத்துக் குகையொன்றில் கிடைத்து, 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட முழுக்கூடைக்கு வயது ஏறத்தாழ 10,500 ஆண்டுகள். அந்நிலத்தில் மட்பாண்டம் தோன்றுமுன்பே கூடை தோன்றிவிட்டது. உலகெங்கும் மனிதன் பின்னியிருக்கிறான்; ஆனால் இன்ன வயிற்றில் பிறந்தவன் மட்டுமே பின்னவேண்டும் என்று கூடை எங்கும் கேட்கவில்லை. நம் வேலியோரக் கற்றாழையோ மெக்சிகோ நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த செடி. இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாக வைத்ததனால் ரயில் கற்றாழை என்றே அதற்குப் பெயர். நேற்று வந்த நாரை ஏற்றுக்கொண்ட கைக்கு, நாளை வேறு தொழிலை ஏற்றுக்கொள்ளத் தெரியாதா? நார் மாறலாம், நாடு மாறலாம், நாரைத் திரிப்பவன் மகன் மட்டும் மாறக்கூடாதா?

கொங்கு நாட்டின் கதையையே பாருங்கள். ஆழக் கிணறுகளும் கவலை ஏற்றமும் கொண்ட நாடு இது. மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, சால் நிறைந்து மேலே வரும். வடமும் வால்கயிறும் இல்லையேல் வயல் இல்லை. புளிச்சை நாரும் கற்றாழை நாரும் திரித்த கைகளே அந்நாளில் கொங்கின் தாகம் தீர்த்தன. 1930களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்தது, பிறகு கிணறுதோறும் மோட்டார் ஏறிற்று, கவலை ஓய்ந்தது, வடம் பரணேறிற்று. அதற்காக அழுவோர் அழட்டும், நாம் அழமாட்டோம். மாட்டின் முதுகும் மனிதனின் முதுகும் நிமிர்ந்தன என்றே மகிழ்வோம். ஆனால், வடம் போனபோது வடம் திரித்தவன் எங்கே போனான்? மோட்டார் செய்யும் பட்டறையிலே அவனுக்கு இடம் தர, அவன் கையில் கல்வியைக் கொடுத்திருந்ததா சமுதாயம்? அதுவன்றோ கேள்வி!

மணவீட்டுக்கு வருவோம். சீர்த்தட்டும் சீர்க்கூடையும் மேளத்தோடு உள்ளே செல்லும். கனி இருக்கும் கூடையில், மஞ்சள் இருக்கும், மலர் இருக்கும். கூடை கூடத்தின் நடுவே வீற்றிருக்கும். பின்னியவரோ வாசலுக்கு வெளியே, கூலியைத் தூக்கிப் போடும் கையை எதிர்பார்த்து நின்றிருப்பார். கோயிலிலும் இதே கோலம்! ஒதுக்கப்பட்டவர் முடைந்த பூக்கூடைக்குத் தடையில்லை. முடைந்தவரை உள்ளே விட 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் தேவைப்பட்டது. கூடையைத் தீண்டலாம், கூடை பின்னிய கையைத் தீண்டலாகாது என்ற இந்த ஞாயத்தை எந்த அறிவுலகம் ஏற்கும்?

தீண்டாமை மட்டுமா? கூடையும் முறமும் பின்னி ஊர்ஊராய்ச் சென்று விற்றுப் பிழைத்த குறவர் பிரிவுகள் பலவற்றை, வெள்ளை ஆட்சி, குற்றப்பரம்பரை என்றே முத்திரை குத்தியது. 1871ஆம் ஆண்டு வடக்கே பிறந்த சட்டம், 1911ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வை, காவல் நிலையத்தில் வந்து நில், சொல்லாமல் ஊர் தாண்டாதே என்று ஆணை! ஊர் தாண்டாமல் கூடை விற்பது எப்படி? பிழைப்புக்காக நடந்த கால்களே குற்றத்துக்குச் சான்றாயின. அச்சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது 1952இல். குற்றமும் பிறப்பில், தொழிலும் பிறப்பில்! ஆங்கிலேயன் எழுதிய சட்டத்துக்கும் ஆரியம் எழுதிய சட்டத்துக்கும் அடிப்படை ஒன்றாக இருந்தது.

அடுத்த ஆண்டே வந்தது அடுத்த ஆபத்து. 1953இல், முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளில் ஒரு வேளை படிப்பு, மறு வேளை பெற்றோர் தொழில் என்று திட்டம் தீட்டினார். கைத்தொழில் கற்பிப்பது நல்லதல்லவா என்று அன்றும் கேட்டார்கள். நல்லதுதான், ஆனால் வழக்கறிஞர் மகன் கூடை பின்ன வரவில்லையே! கூடை பின்னுவோர் மகனுக்குச் சட்டப் புத்தகம் தரப்படவில்லையே! பெரியாரின் போர்முரசும் கழகங்களின் கிளர்ச்சியும் நாட்டை உலுக்கின; ஆச்சாரியார் விலகினார்; 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. குலக்கல்வி என்று மக்கள் அதற்குச் சூட்டிய பெயரே வரலாற்றில் நின்றது.

பழங்கதை ஏன் என்று கேட்கலாம். பழங்கதைதானா? 2023 செப்டம்பர் 17ஆம் நாள் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கிற்று. பதினெட்டுத் தொழில்கள், அவற்றுள் கூடை, பாய், துடைப்பம் செய்வதும் உண்டு. கருவிகளுக்கு 15,000 ரூபாய், இரு தவணையில் 3 இலட்சம் வரை கடன். வேண்டாமென்று எவர் சொல்வர்? ஆனால் விதியைப் படித்தால் விளங்குகிறது உள்ளுறை: குடும்பவழி மரபுத் தொழிலில் இருப்பவர்க்கே உதவி, வயது பதினெட்டு ஆனால் போதும். நாங்கள் சாதி கேட்கவில்லையே என்கிறார்கள். கேட்கவில்லைதான். அப்பன் தொழிலைக் கேட்டபின், சாதியைத் தனியே கேட்பானேன்? பதினெட்டு, கல்லூரி வாசலில் கால் வைக்கும் வயது! அவ்வயதில் ஒருவனிடம், உன் தந்தையின் அரிவாளை எடு, கடன் தருகிறேன் என்பது கைதூக்கி விடுவதா, காலைக் கட்டிப்போடுவதா? குடும்பத் தொழிலென்னும் நிபந்தனையின்றி, 35 வயதுக்கு மேற்பட்டோர்க்கு, 25 தொழில்களுக்கு என்று தமிழ்நாட்டு அரசு 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது அதனால்தான். வேறுபாடு வயதில் மட்டுமில்லை. விருப்பத்தால் தொழிலா, பிறப்பால் தொழிலா என்பதில் இருக்கிறது. எனினும் இங்கும் சொல்வோம்: கடன் மட்டுமே கடமையாகிவிடாது.

இனி, ஒரு சிறு சோதனை. ஒயர்க்கூடையை அறியாத தமிழ்ப் பெண்மணி உண்டா? ஞெகிழிக் கம்பி வண்ண வண்ணமாகக் கடைக்கு வந்தபோது, திண்ணையிலும் முற்றத்திலும் அமர்ந்து எல்லாத் தெருப் பெண்களும் பின்னினார்கள். அக்கிரகாரத்திலும் பின்னினார்கள், வேளாளர் வீட்டிலும் பின்னினார்கள். எவர் குலமும் கெட்டுவிடவில்லை! ஏன்? அந்தக் கம்பி ஆலையில் பிறந்தது. அதன்மேல் சாதி எழுதப் பழையவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை! மூங்கிற்பிளாச்சும் பனையோலையும் பாவம், அந்தப் பேறு பெறவில்லை. இழிவு பின்னுவதில் இல்லை, பிறவியின் பேரால் ஒட்டப்பட்ட பெயரில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழியைத் தமிழ்நாடு தடுத்தது. நார்க்கூடைக்கும் ஓலைக்கூடைக்கும் நல்ல நாள் வரட்டும், வரவேண்டும். வரும்போது பெருமை அங்காடிக்கும், இலாபம் இடையில் நிற்பவருக்கும், அரிப்பும் கொப்புளமும் மட்டும் பின்னுபவருக்கும் என்றாகிவிடக் கூடாது.

ஆகவே, என்ன செய்வது? துடியலூரையே எடுத்துக்கொள்வோம். 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்துவிட்ட ஊர். மேட்டுப்பாளையம் சாலையில் ஓயாத போக்குவரத்து. மேற்கே மலை, மலைப்பக்கம் இருளர் சிற்றூர்கள். இங்குள்ள அரசுப் பள்ளிகளிலே வாரம் ஒருநாள், வேம்பின் நிழலில் எல்லாப் பிள்ளைகளும் அமரட்டும். ஆலை முதலாளி மகளும் செங்கல் சூளைத் தொழிலாளி மகனும் அருகருகே இருந்து நார் திரிக்கட்டும். கற்பிப்பவர் யார்? வாழ்நாளெல்லாம் கூடை பின்னிய அம்மையார்! தரையில் குந்தவைத்து வேடிக்கை காட்ட வேண்டாம். நாற்காலி போடுங்கள், வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள், மாதச் சம்பளம் கொடுங்கள், ஆசிரியர் என்று அழையுங்கள். அவர் மகளோ, விரும்பினால் பின்னட்டும். விரும்பாவிட்டால் பொறியியல் படிக்கட்டும். இரண்டுக்கும் வழி திறந்திருப்பதற்குத்தான் விடுதலை என்று பெயர்.

உழவர்க்குக் கூட்டுறவு கண்ட ஊர் துடியலூர். டியூகாஸ் என்ற பெயர் வட்டாரமெல்லாம் அறிந்த பெயர். உரமும் விதையும் உழவனுக்குக் கூட்டுறவில் கிடைக்குமானால், நாரும் மூங்கிலும் நேர்மையான விலையும் கூடை பின்னுவோர்க்குக் கூட்டுறவில் ஏன் கிடைக்கக் கூடாது? 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் காட்டுக்கு வேலி போட்டது; கழி வெட்டியவன் கள்வனானான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலும் பிரம்பும் சிறுவனப் பொருள்கள், அவற்றின்மீது காடுவாழ் மக்களுக்கு உரிமை உண்டு என்றது. ஏட்டில் இருக்கும் உரிமை, மலைப்பாதையில் நடந்து மக்கள் கைக்கு வரவேண்டும்.

இளைஞர்களே! கற்றுக்கொள்ளுங்கள் இந்தக் கலையை. வெட்கப்படாமல் வெளியில் அமர்ந்து, ஊரார் காணக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுத் தந்தவரின் பெயரை ஊரறியச் சொல்லுங்கள். உரிய ஊதியத்தை எண்ணிக் கொடுங்கள். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உண்ணுங்கள், உங்கள் கூடத்துக்கு அவரை அழைத்து விருந்து வையுங்கள். குலத்தொழில் என்று எவர் கூறினாலும், அது எவர் குலத்துக்கும் உரியதில்லை, மனித குலத்துக்கே உரியது என்று மறுத்துக் கூறுங்கள்.

புரியை இறுக்கிச் சேர்த்தால் கயிறு. மக்களைப் பிரித்துப் பிரித்து முறுக்கினால் சாதி. முதல் முறுக்கைக் கற்போம். இரண்டாம் முறுக்கை அவிழ்ப்போம்!