முழுகாமல் இருப்பவள் அருவியில் முழுகலாமா?

ஆனி பிறந்துவிட்டால் நெல்லைச் சீமையில் யாருக்கும் வீட்டில் கால் தங்காது.

நெல்லையப்பர் கோவிலில் தேரோட்டம். திருவிழா என்றால் பொருட்காட்சி. மேற்கே குற்றாலத்தில் சாரல். ஆடி வந்தால் புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பெண் வீட்டில் விருந்து. விருந்து முடிந்ததும், "வந்ததுதான் வந்தீர்கள், அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு வாருங்கள்" என்று மாமனாரே வேன் பிடித்துக் கொடுப்பார்.

வேன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் கேள்வி பிறக்கும். வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள். அவளை அழைத்துப் போவதா, விட்டுவிட்டுப் போவதா?

உடனே வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிடும்.

"பிள்ளைத்தாய்ச்சி வாசற்படி தாண்டக் கூடாது. காற்று கருப்பு அண்டும். பேசாமல் வீட்டில் இருக்கட்டும்" என்பது ஒரு கட்சி.

"நாங்கள் எல்லாம் நிறைமாதத்திலும் நாற்று நட்டோம். ஒன்றும் ஆகாது. ராட்டினத்திலும் ஏறட்டும், அருவியிலும் குளிக்கட்டும்" என்பது மறு கட்சி.

இரண்டும் தவறு என்பது என் கருத்து.

அவளை அழைத்துப் போங்கள். ஆனால் ராட்டினத்தில் ஏற்றாதீர்கள். கொட்டுகிற அருவிக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள்.

மூலையில் உட்கார வைக்காதீர்கள்

கர்ப்பம் ஒரு நோய் அல்ல. நல்ல காற்றும், கொஞ்சம் நடையும், சிரித்துப் பேசுவதும் கர்ப்பிணிக்கு நல்லது. நாலாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை பிரயாணத்துக்குச் சௌகரியமான காலம். வாந்தி குறைந்திருக்கும். வயிறும் அதிகம் பாரமாக இராது.

ரத்தப்போக்கு கண்டவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், "நஞ்சு கீழே இறங்கி இருக்கிறது" என்று டாக்டர் சொன்னவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள் ஆகியோரின் விஷயம் வேறு. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

மற்றவர்களை ஏன் தடுக்க வேண்டும்? நெல்லை காந்திமதி அம்மனுக்கே ஆடிப்பூரத் திருவிழாவில் வளைகாப்பு நடத்துகிறோம். அம்மனை நாம் மூலையில் உட்கார வைக்கவில்லை. ஊர் கூடி அல்லவா கொண்டாடுகிறோம்?

தேரையும் பார்க்கட்டும். வீதி ஓரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கட்டும். வடம் பிடிக்கும் கூட்டத்துக்குள் மட்டும் வேண்டாம். 2024 ஜூன் 21-ந் தேதி தேரோட்டத்தில் வடம் அறுந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

ராட்டினத்தில் என்ன ஆபத்து?

"வயிற்றில் அடிபட்டால்தானே ஆபத்து? உட்கார்ந்து சுற்றினால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள்.

வயிற்றில் அடியே படாமலும் ஆபத்து வரலாம். எப்படி?

கர்ப்பப்பை ரப்பர் மாதிரி. இழுத்தால் இழுபடும். அதன் உள்சுவரில் நஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாயின் ரத்தத்திலிருந்து உணவும் பிராணவாயுவும் அந்த நஞ்சு வழியாகத்தான் குழந்தைக்குப் போகின்றன. ஆனால் நஞ்சு ரப்பர் மாதிரி இழுபடாது.

ஒரு பலூனில் காகிதத் துண்டை ஒட்டுங்கள். பிறகு பலூனை இழுத்துப் பாருங்கள். பலூன் நீளும். காகிதம் விளிம்பில் பிய்ந்துகொள்ளும். வேகமாகப் போகும் வண்டி சடக்கென்று நின்றால் வயிற்றுக்குள் அப்படி நடக்கலாம். நஞ்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டால் குழந்தைக்கு மூச்சு நின்றுவிடும். தாய்க்கும் ரத்தம் கொட்டும். சில சமயம் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் உள்ளேயே தேங்கும்.

டாக்டர்கள் இதைக் கார் விபத்துகளில் கண்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகளை ராட்டினத்தில் ஏற்றி யாரும் சோதனை செய்யமாட்டார்கள். ஆகவே, "இத்தனை பேரில் இத்தனை பேருக்கு ஆபத்து" என்று கணக்குச் சொல்ல வழியில்லை. ஆனால் திடீரென்று விழுவதும், திடீரென்று நிற்பதும், குலுக்கி எடுப்பதும் எல்லாம் ஒரே ஜாதி. அதனால்தான் டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

பொருட்காட்சியில் உள்ள "கொலம்பஸ்" கப்பல், "டிராகன்" ரயில், "பிரேக் டான்ஸ்" எல்லாம் இந்த ஜாதிதான். மோதி விளையாடும் கார் இன்னும் மோசம். மோதுவதற்கென்றே செய்த வண்டியில் கர்ப்பிணிக்கு என்ன வேலை? போதாக்குறைக்கு, விழாமல் இருப்பதற்காகப் போடும் இரும்புக் கம்பி சரியாக வயிற்றில்தான் வந்து அழுத்தும்.

மதுரை, சென்னைப் பக்கம் உள்ள கேளிக்கைப் பூங்காக்களில் தண்ணீர்ச் சறுக்கு உண்டு. அதுவும் வேண்டாம். கீழே வந்து தண்ணீரில் மோதும் வேகம் சாமானியமானது அல்ல.

"ராட்சத ராட்டினம் மெதுவாகத்தானே சுற்றுகிறது?"

இது நியாயமான கேள்வி. 1893-ம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ நகரப் பொருட்காட்சியில் ஃபெர்ரிஸ் என்ற என்ஜினீயர் 264 அடி உயரத்தில் ஒரு ராட்டினம் கட்டினார். இன்றைய ராட்சத ராட்டினங்களுக்கு அதுதான் முன்னோடி. (விவேகானந்தர் பேசிப் புகழ் பெற்ற சர்வமத மகாசபையும் அந்தப் பொருட்காட்சியை ஒட்டித்தான் நடந்தது.) அன்று முதல் இன்று வரை ராட்டினத்தில் ஒரு விஷயம் மாறவில்லை. ஏறிவிட்டால், நாம் நினைத்த நேரத்தில் இறங்க முடியாது!

2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பூங்காவில் ராட்டினம் ஒன்று பழுதாகி உயரத்தில் நின்றுவிட்டது. சுமார் 30 பேர் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் வந்து இறக்குவதற்குள் சுமார் 3 மணி நேரம் ஆகிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல், சிறுநீர் கழிக்க வழி இல்லாமல், தலைசுற்றலோடு ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

கீழே நிற்பவளுக்குப் பொழுது போகாது என்று கவலைப்பட வேண்டாம். வளையல் கடை இருக்கிறது. மாஜிக் காட்சி இருக்கிறது. முகத்தைவிடப் பெரிதாக டெல்லி அப்பளம் இருக்கிறது. உட்கார ஒரு நாற்காலி மட்டும் தேடிக் கொடுங்கள். நெடுநேரம் நின்றால் கர்ப்பிணிகளுக்குக் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும்.

அருவியில் ஆபத்து தண்ணீரில் அல்ல

இனிக் குற்றாலத்துக்கு வருவோம். 2019 முதல் குற்றாலம் தென்காசி மாவட்டம். ஆனால் அங்கே விழுந்து ஓடும் சிற்றாறு தாமிரபரணியில்தான் வந்து சேருகிறது. மாவட்டம் பிரிந்தாலும் தண்ணீர் பிரியவில்லை.

"குளிர்ந்த தண்ணீர் பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிடும்" என்று பயமுறுத்துவார்கள். அதை நம்ப வேண்டாம். பிள்ளை தனக்கென்று உள்ள வெதுவெதுப்பான நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே ஊற்றும் தண்ணீர் அதைத் தொடாது.

ஆபத்து காலடியில் இருக்கிறது!

வயிறு வளர வளர உடம்பின் பாரம் முன்னே சாய்கிறது. மூட்டுகள் தளர்கின்றன. சமதரையிலேயே கால் தடுமாறும். குற்றாலத்திலோ பாறை வழுக்கும். ஈரத்தில் தரையும் வழுக்கும். பின்னால் நிற்பவர் "கொஞ்சம் நகருங்கம்மா" என்று தள்ளுவார். பேரருவியில் தண்ணீர் கொட்டும்போது திடகாத்திரமான ஆண்களே தள்ளாடுகிறார்கள்.

தண்ணீர் எப்போதும் ஒரே மாதிரி விழாது. மலை மேல் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் அப்படித்தான் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். ஓடக்கூடிய வயதுப் பிள்ளைக்கே அந்தக் கதி. எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் எப்படி ஓடுவாள்?

அதற்காகக் குற்றாலம் போய்க் கைகாலை நனைக்காமல் வரவேண்டுமா? வேண்டாம். சாரல் தெறிக்கும் இடத்தில் ஓரமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஒரு வாளியில் பிடித்து வந்து, உட்கார வைத்துத் தலையில் ஊற்றலாம். ஊற்றுவது கணவனாக இருந்தால் இன்னும் விசேஷம்! பாபநாசத்திலும் நெல்லை குறுக்குத்துறையிலும் ஆற்றில் இறங்க வேண்டாம். பாசி இல்லாத மேல்படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். வயிற்றில் எண்ணெய் தேய்த்து அமுக்குகிற வேலை மட்டும் கூடவே கூடாது.

தப்பித் தவறி விழுந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். கர்ப்பிணியின் ரத்தம் "நெகட்டிவ்" வகையாக இருந்தால் இது மிகவும் முக்கியம். 72 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போட வேண்டியிருக்கும். ரத்த வகை தாய் சேய் நல அட்டையில் எழுதியிருக்கும். ஆகவே, துணி எடுத்து வைக்கும்போது அந்த அட்டையையும் பையில் வையுங்கள்.

அருவித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். அது மூலிகைத் தண்ணீர் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அசுத்தமான தண்ணீரால் "ஈ" வகை மஞ்சள் காமாலை வருகிறது. மற்றவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால் 100 பேரில் 20, 25 பேர் வரை இறந்துபோக நேரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டிலிருந்து காய்ச்சி ஆறிய தண்ணீர் கொண்டுபோவது பெரிய காரியமா? நிறையக் கொண்டுபோங்கள். தண்ணீர் குறைந்தாலும் வயிறு இறுகி வலி எடுக்கும். அறுத்து வைத்த பழமும் வேண்டாம். பிரானூர் பரோட்டா கல்லிலிருந்து சூடாக வந்தால் தாராளமாகச் சாப்பிடட்டும்.

வாய் திறந்து யார் சொல்வது?

வயிறு தெரிகிற பெண்ணை யாரும் ராட்டினத்துக்கு இழுக்கமாட்டார்கள். வயிறு தெரியாத பெண்ணின் பாடுதான் திண்டாட்டம்.

கல்யாணமாகி மூன்று மாதம். பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. தாயிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கொழுந்தனும் நாத்தனாரும் கையைப் பிடித்து, "சும்மா ஏறுங்க மதினி, ஒண்ணும் செய்யாது!" என்று இழுக்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் அவள் என்ன சொல்வாள்? வெட்கப்பட்டுக்கொண்டு ஏறிவிடுகிறாள்.

இங்கே கணவன்தான் பேச வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. "அவளுக்குத் தலைசுற்றும். நாங்கள் இரண்டு பேரும் கீழே நிற்கிறோம்" என்றால் போதும். அவளைத் தனியாக நிறுத்திவிட்டு அவன் மட்டும் ஏறிப் போனால் அது சரியல்ல.

இனி, தெரியாமல் ஏறிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை.

பயப்பட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, வயிறு கல்லாக இறுகி வலி விடாமல் இருந்தாலோ, குழந்தையின் துடிப்பு குறைந்தாலோ அடுத்த முறை வரை காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தென்காசியில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்ப மாதங்களில் கலைந்துபோகும் கருவில் சுமார் பாதி, உண்டாகும்போதே குரோமோசோம் குறையோடு உண்டானவை. அருவிக்குப் போனாலும் கலையும், வீட்டில் படுத்திருந்தாலும் கலையும். இதைத் தெரிந்துகொள்ளாமல், "குற்றாலத்துக்கு ஆடிக்கொண்டு போனாளே, அதனால்தான்" என்று ஒரு பெண்ணை ஆயுள் முழுவதும் குத்திக்காட்டுகிற குடும்பங்கள் உண்டு. பிள்ளையை இழந்தவளே அவள்தான். அவள் தலையில் பழியையும் ஏற்றுவது என்ன நியாயம்?

ராட்டினக்காரர்களுக்கு

"கர்ப்பிணிகள் ஏறக் கூடாது" என்ற பலகை சில இடங்களில் இருக்கிறது. அது இங்கிலீஷில் இருக்கும். அல்லது ஏணிக்குப் பின்னால் இருக்கும். பணம் கொடுத்து, வரிசையில் நின்று, ஏறப்போகும்போது அதைப் படித்து என்ன பயன்? கொடுத்த காசுக்காகவே ஏறிவிடுவார்கள்.

பலகை டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். தமிழில், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்கும்படி கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். "நாள் தள்ளிப்போனவர்களும் ஏற வேண்டாம்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். டிக்கெட் வாங்கியபிறகு வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கு, காரணம் கேட்காமல் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நிழலில் ஒரு பெஞ்சும் போட வேண்டும். பொருட்காட்சிக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் இவை அனைத்தையும் அனுமதிச் சீட்டிலேயே நிபந்தனையாக எழுதிவிடலாம்.