பூச்சிக்கும் உண்டு உறவுமுறை

எங்கள் கன்னிவாடி வீட்டுக் கொல்லையில் நின்றால் பழனி மலை கண்ணுக்கு நேரே தெரியும். 2009-ம் வருஷக் கோடையில் மலையைப் பார்க்கவா தோன்றியது? பப்பாளி மரத்தைப் பார்த்தால் வயிறு எரிந்தது. காய், இலை, குருத்து எல்லாவற்றிலும் யாரோ பஞ்சை அப்பி வைத்த மாதிரி வெள்ளை.

"மதினி, மரத்துக்குப் பூசணம் பிடிச்சிருச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். விலங்கியல் படித்துக்கொண்டிருந்த என் மகள் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள். "அம்மா, பூசணத்துக்குக் கால் இருக்குமா? எண்ணிப் பாரு, ஆறு!"

ஆறு கால் என்றால் பூச்சி. எட்டுக் கால் சிலந்தியும், வரிசையாய்க் கால் வைத்த பூரானும் மரவட்டையும் பூச்சி இனத்தில் சேராது. (பூந்தொட்டி மண்ணில் துள்ளுமே, பொடிப்பொடியாய்? அதற்கும் ஆறு காலே. ஆனால் அதைத் தனி வகுப்பில் வைத்துவிட்டார்கள்.) 1758-ல் ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இறக்கையைப் பார்த்துப் பூச்சிகளை இனம் பிரித்தபோது, சிலந்தியையும் நண்டையும்கூட 'இறக்கை இல்லாத பூச்சி' என்று ஒரே பந்தியில் உட்கார வைத்தார். எட்டுக்கால் பூச்சி என்று நம் பாட்டிமார் சொன்னதில் என்ன தப்பு?

இறக்கையோடு வாயையும் பார்க்க வேண்டும். எங்கள் பப்பாளியில் இருந்தது மாவுப்பூச்சி. அசுவினி, சில்வண்டு, மூட்டைப்பூச்சி எல்லாம் இதற்கு ஒரே வரிசைச் சொந்தம். கடித்துத் தின்னத் தெரியாது. ஊசி மாதிரி வாயைக் குத்தி உறிஞ்சத்தான் தெரியும்.

இதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரிந்தது? கடையில் கொடுத்த மருந்தை வாங்கி அடித்தேன். இரண்டு நாள் தலைவலி எனக்கு. மாவுப்பூச்சியோ மெழுகுப் போர்வைக்குள் சுகமாக இருந்தது. செத்து விழுந்தது, அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான்.

எங்கள் கொல்லையை விடுங்கள். 2008-ல் கோயமுத்தூரில் தலைகாட்டிய பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. மல்பெரி போனால் பட்டுப்புழுவுக்குத் தீனி ஏது? எத்தனை குடும்பத்துப் பிழைப்பு அது! மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை.

அப்போது கைகொடுத்தது ஒரு பெயர். மாவுப்பூச்சியில் எத்தனையோ இனம். இது 'பாரகாக்கஸ் மார்ஜினேட்டஸ்' என்று நிபுணர்கள் அடையாளம் கண்டார்கள். 1992-ல்தான் அறிவியல் அதற்கு அந்தப் பெயரை வைத்தது. பெயர் தெரிந்ததும் பிறந்த ஊர் தெரிந்தது: மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். பிறந்த ஊர் தெரிந்ததும் எதிரியும் தெரிந்தது: ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. 2010-ல் பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தார் அமெரிக்காவின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதை வரவழைத்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. குளவி என்றதும் பயப்படாதீர்கள், நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கிற புழு அதைத் தின்று தீர்த்துவிடும். கொஞ்ச காலத்திலேயே பூச்சி அடங்கிப் போயிற்று.

எறும்பு, தேனீ எல்லாம் இந்தக் குளவியின் வரிசைதான். பயிர்ப் புழுவின் முட்டையை அழிக்கிற இன்னொரு குட்டிக் குளவியை, எங்கள் கன்னிவாடி வட்டாரத்துப் பெண்கள் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் கற்றுக்கொண்டு, குழுவாய்ச் சேர்ந்து வளர்த்து விற்றிருக்கிறார்கள்.

போன வாரம் அதே மதினி செம்பருத்திக் கிளையோடு வந்தாள். "மறுபடி வெள்ளை வந்திருச்சு, மருந்து இருக்கா?" கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மாவுப்பூச்சிக்கு நடுவே ஒன்று மட்டும் பெரிதாக, மெழுகுத் தொங்கல்களோடு விறுவிறுவென்று நடந்தது. அது மாவுப்பூச்சியே இல்லை; அதைத் தின்கிற பொறிவண்டின் குஞ்சு! தாய்க்கும் பிள்ளைக்கும் ஜாடையே இராது. மருந்து வேண்டாம், மற்றக் கிளைகளில் தண்ணீரை வேகமாய்ப் பீய்ச்சினால் போதும் என்றேன். அந்தக் கிளையை அவள் பத்திரமாகத் திருப்பி எடுத்துப் போனாள்.