எங்கள் ஊரில் நடை என்றால் வேறு

போன மாதம் சென்னையிலிருந்து அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு அனுப்பினான். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக நிதி திரட்டும் ஓட்டம், காலை ஐந்து மணிக்கு. "10 கிலோமீட்டர் வேணாம் அத்தை, 3 கிலோமீட்டர் நடையும் இருக்கு. நீங்க நடந்தாப் போதும். ஆளைப் பிடிச்சுப் பணம் கட்ட வைக்கிறது என் பொறுப்பு" என்றான். எனக்கு வயது 64. வலது முழங்காலில் தேய்மானம். காசாளர் கூண்டுக்குள் 31 வருடம் உயர நாற்காலியில் ஏறி இறங்கியதில் சேர்ந்த ஒரே சொத்து அது. "பணத்தை அனுப்பிடறேன்டா, காலை மட்டும் என்கிட்டயே விட்டுடு" என்றேன்.

ஓடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓட்டங்களால் நல்ல காரியங்கள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் நன்கொடை கேட்க வேண்டுமென்றால் யாராவது மூச்சு வாங்க வேண்டும் என்கிற கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் வியர்க்கிறேன், நீ பணம் கொடு. இது எந்த ஊர் முறை? எங்கள் பக்கத்தில் முறை வேறு. முதலில் இலை போடுவார்கள். கை நனைத்தவன் சும்மா எழுந்து போகமாட்டான்.

எங்கள் பக்கம் என்றால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரம். ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பணம் தேவைப்படுகிற நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போடும். வருகிறவர்கள் சாப்பிட்டு மொய் எழுதிவிட்டுப் போவார்கள். ஒருவர் வீட்டுக்கு நாம் 2,000 எழுதியிருந்தால், நம் முறை வரும்போது அவர் அந்த 2,000-ஐத் திருப்பி எழுதி, மேலே கொஞ்சம் சேர்ப்பார். திரும்பி வருவது பழைய நடை. மேலே சேர்ப்பது புது நடை. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. நோட்டு மட்டும் உண்டு. அண்ணன் மகனின் அழைப்பில் 'நடை' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு முழங்கால் ஞாபகம் வருவதற்கு முன்னால் இந்த நோட்டுத்தான் ஞாபகம் வந்தது.

பெரிய விருந்துகளில் வங்கிக்காரர்களையே வரவழைத்துப் பணம் எண்ணுவதுண்டு. ஓர் ஆடி மாதம் நானும் எண்ணும் இயந்திரத்தோடு பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கறிக்குழம்புக் கையோடு எடுத்துக் கொடுத்த நோட்டுகள். பத்துக் கட்டுக்கு ஒருமுறை இயந்திரம் எண்ணெய்ப் பிசுக்கில் சிக்கி நின்றுவிடும். பவுடரைத் தட்டிக் கையாலேயே எண்ணினேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய நோட்டில் ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை என்று நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் தொகையை உரக்கப் படிப்பார். கொடுத்தவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரி. என் வங்கியில் அவ்வளவு சுத்தமான பேரேட்டை நான் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டைத் தர்மத்துக்குத் திருப்பலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ, அவருக்கு ஒரு கும்பிடு. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் தன் கடையில் மொய் விருந்து வைத்தார். டீ குடிக்கலாம், காசு கேட்கமாட்டார், பாத்திரத்தில் போடுவதைப் போடலாம். சேர்ந்தது அத்தனையும் கேரளத்துக்கு. அதே வருடம் நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தது. கேரளத்திலிருந்து லாரிகள் வந்தன, அந்த அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, "பழைய நடை வந்துருச்சு" என்றார். 2024 ஆகஸ்டில் வயநாட்டு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை இதே போல மொய் விருந்து நடத்தியது. அன்றைக்கு இலையில் சாப்பிட்டவர்கள் பில் கேட்கவில்லை. இலைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நாங்கள் ஓய்வுபெற்ற ஏழு பேர் சேர்ந்து ஒரு சின்ன வேலை செய்கிறோம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வேண்டிய சாமான்களை இரவல் கொடுக்கிறோம். காற்றுப் படுக்கை, சக்கர நாற்காலி, கழிவறை நாற்காலி, ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று. பக்கவாதம் வந்து படுத்தவருக்கு முதல் வாரத்திலேயே முதுகில் புண் வந்துவிடலாம். அந்த வாரத்தில் படுக்கை போய்ச் சேர வேண்டும். வாடகை வாங்குவதில்லை. தேவை முடிந்ததும், அதாவது ஆள் எழுந்து நடந்தாலோ போய்ச் சேர்ந்தாலோ, சாமான் திரும்பி வரும். டெட்டால் போட்டுத் துடைத்து அடுத்த வீட்டுக்குப் போகும். படுக்கையில் காற்று ஏற்றும் சின்ன மோட்டார்தான் அடிக்கடி பழுதாகும்; செலவெல்லாம் அதில்தான்.

அந்தச் செலவுக்குப் பணம் திரட்ட முதலில் நாங்கள் செய்தது ஒரு முட்டாள்தனம். 50 ரூபாய்க்குக் கூப்பன், குலுக்கலில் ஒரு கிரைண்டர். 212 கூப்பன் விற்ற பிறகு, ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்து, "இது லாட்டரிம்மா" என்றார். அண்ணா காலத்தில், 1968-இல், 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று அரசாங்கமே பரிசுச் சீட்டு விற்றது உண்மைதான். ஆனால் 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டாகிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு குலுக்கல் போட்டால், நோக்கம் எதுவானாலும் வம்புதான். 212 பேரையும் தேடிப் பிடித்துப் பணத்தைத் திருப்பினோம். 19 பேர் வாங்க மறுத்துவிட்டார்கள். நிதி திரட்டுவதில் நான் கற்ற முதல் பாடம் அந்த 19 பேர்தான்: அவர்களுக்குக் கிரைண்டர் தேவையே இல்லை.

அதற்குப் பிறகு கூட்டம் போட்டு யோசித்தோம். எங்கள் குழுவில் ஒரு பழைய ஹிந்தி பண்டிட், காந்தியை விட்டு இறங்கமாட்டார். தண்டிக்கு நடந்த மனிதர், 1933-34 ஹரிஜன யாத்திரையில் நடையை விற்கவில்லையே, கையெழுத்தைத்தானே 5 ரூபாய்க்கு விற்றார் என்றார். வரவேற்புப் பத்திரத்தை வாங்கிய மேடையிலேயே ஏலம் விட்டவர் காந்தி. சரி, ஆனால் எங்கள் ஏழு பேரின் கையெழுத்தை எவன் வாங்குவான்? (என் கையெழுத்துக்கு ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் பணம் வெளியே போனது. அது வேறு.) கச்சேரி வைக்கலாம் என்றார் இன்னொருவர். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1974-இல் மகசேசே விருது கிடைத்ததே நிதிக்காகப் பாடிய கச்சேரிகளுக்காகத்தான். எங்களிடம் எம்.எஸ். இல்லை.

மிசோரம் கதையை நான் சொன்னேன். அங்கே பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இலிருந்து, சோறு வடிக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். பூஃபாய் தாம் என்று பெயர். சேர்ந்த அரிசியை விற்றுச் சபை தன் வேலைகளைப் பார்க்கிறது. காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டமும் ஏறக்குறைய அதுதான். யாரும் தனியாகக் காசு தேட வேண்டாம், அடுப்படியிலேயே நடந்துவிடும். கேரளத்தில் தனியார் பேருந்துக்காரர்கள் ஒரு நாள் டிக்கெட்டுக்குப் பதில் பக்கெட் எடுத்துக்கொண்டு போய், அன்றைய வசூல் முழுவதையும் சிகிச்சைக்குக் கொடுக்கிறார்கள். 2020-இல் அங்கே இளைஞர் அமைப்பு ஒன்று வீடு வீடாகப் பழைய பேப்பர், இரும்பு வாங்கி விற்றே 10 கோடிக்கு மேல் சேர்த்து அரசிடம் கொடுத்தது. இவை எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனித்தேன். யாரும் புதிதாக ஒரு வேலை செய்யவில்லை. சமைக்கிறவள் சமைத்தாள், பேருந்து ஓட்டுகிறவர் ஓட்டினார், பேப்பர் எப்படியும் எடைக்குப் போவதுதான். பணத்தின் திசை மட்டும் ஒருநாள் மாறியது.

ஆகவே டீ மொய். கடைவீதி டீக்கடை மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலையும் தூளையும் தன் கணக்கில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். "வடை மட்டும் கேக்காதீங்கக்கா, எண்ணெய் விக்கிற விலைக்கு" என்றார். நியாயம்.

இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. மொய் என்றால் நோட்டு வேண்டும், பெயர் எழுத வேண்டும் என்றேன் நான். எழுதாத பணம் என் கண்ணுக்குப் பணமே இல்லை. தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் செயலாளர் அண்டா வைப்போம் என்றார். பெயர் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு எழுதினான் என்று பார்த்துத்தானே எழுதுவான், அது கடன் மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. கடைசியில் இரண்டும் வைத்தோம். கடை வாசலில் என் மேசையும் நோட்டும்; உள்ளே, கல்லாவுக்குப் பக்கத்தில், துணி கட்டிய எவர்சில்வர் அண்டா.

காலை ஆறரைக்கு ஆரம்பித்தது. என் மேசைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் 500, 1,000. கடைக்காரர்கள், ஆசிரியர்கள், ஒரு வக்கீல். முன்வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துத்தான் பர்ஸைத் திறந்தார்கள். செயலாளர் சொன்னது சரி. வருமான வரிக்கு ரசீது கேட்டவர்களிடம், 80ஜி பதிவு எங்களுக்கு இல்லை, இருந்தாலும் 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பத்து மணி வாக்கில் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் வந்தார். என் மேசையைப் பார்த்தார், சுற்றிக்கொண்டு உள்ளே போனார். டீ குடித்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாய் மடித்த நோட்டு ஒன்றை அண்டாவுக்குள் விட்டு, துணியைச் சரிசெய்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். அவர் என் மேசைக்கு வந்திருக்கவே மாட்டார். 50 ரூபாயை உரக்கப் படிக்கும் நோட்டில் அவர் பெயர் ஏறியிருக்காது. மொய் நோட்டின் பெருமையை இத்தனை நேரம் பேசிய நான் இதையும் சொல்லத்தான் வேண்டும்: அது கொடுக்க முடிந்தவர்களின் புத்தகம். தர்மத்துக்குத் துணி கட்டிய அண்டாதான் முதலில் வேண்டும், நோட்டு அடுத்தது. கணக்கு எழுத வேண்டியவர்கள் வாங்குகிற நாங்கள். என்ன வந்தது, என்ன வாங்கினோம், எந்தப் படுக்கை எந்தத் தெருவில் இருக்கிறது என்று மாதாமாதம் அதே டீக்கடைச் சுவரில் ஒட்டுகிறோம்.

மாலை ஷட்டரைப் பாதி இறக்கி அண்டாவைக் கவிழ்த்தோம். பத்துகளும் இருபதுகளும்தான் அதிகம். ஒரு சட்டைப் பொத்தான், ஒரு பேருந்து டிக்கெட், செல்லாத பழைய ஐந்நூறு ஒன்று (எட்டு வருடமாக எங்கே வைத்திருந்தாரோ). எண்ணி முடிக்கும்போது மேசையை முந்திக்கொண்டு அண்டா போய்விட்டது. செயலாளர் ஒன்றும் சொல்லவில்லை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், அவ்வளவுதான்.

அடியில் காலண்டர் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று கிடந்தது. உள்ளே நாலு ஐந்நூறு. தாளின் பின்பக்கம் பால்பாயிண்டில் 'பழைய நடை, காத்துப் படுக்கை' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. எங்களிடமிருந்து படுக்கை வாங்கிப்போன 40 வீடுகளில் அது எந்த வீடு என்று மாஸ்டர் யோசிக்க ஆரம்பித்தார். "விடுங்க" என்றேன். நோட்டை எடுத்து, பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டு, தொகை எழுதினேன். பழக்க தோஷத்தில் உரக்கவும் படித்துவிட்டேன். தலையாட்ட எதிரே ஆள் இல்லை. மாஸ்டர் ஆட்டினார்.